பட்டத்துக்கு வெளி தேடும் பிள்ளைகளுக்கும் அனுமதி கொடுக்கும் சபையாருக்கும்: திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கச்சிமாருக்கும், விளையாட்டுக் கழகங்களை இழுத்துப் பறித்து நடத்தும் அண்ணன்மாருக்கும், மைதானத்துக்கும் கடற்கரைக்கும் அனுமதிக் கடிதத்தில் கையொப்பம் வைக்கும் சபையாருக்கும்,

வணக்கம்.

போன ஆடி மாதம் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு பொடியனைப் பட்டம் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போன கதை உங்களில் பலருக்கு அரைகுறையாய்த் தெரிந்திருக்கும். கதை மார்க்கெட் வரைக்கும் போய்த் திரும்பி எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பொடியன் புறாமலைத் தீவு வரைக்கும் ஆகாயத்தால் போய் வந்திருந்தான். அப்படி ஒன்றும் பறக்கவில்லை. முதலில் இடுப்பளவு தண்ணீர், பிறகு கழுத்தளவு தண்ணீர். அவன் என் தங்கச்சியின் மகன். பட்டத்தை நோர்வேயிலிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தவன் நான். "இந்த இடம் நல்லாயிருக்கு, இதிலை நில்" என்று சொன்னவனும் நான்தான்.

அன்றிலிருந்து என்னைத் தேடி இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒரு வகை, சல்லி, சாம்பல்தீவு, அலஸ்தோட்டம் பக்கத்துக் கழகப் பொடியள். மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டியில் பாவித்த கைட் (ஆளையே இழுக்கிற பெரிய துணிப்பட்டம்) மலிவாய்க் கிடைக்குதாம், காசு சேர்க்கிறார்களாம். "அண்ணை, நீங்கள் பனியிலை ஓடினனீங்கள்தானே, எங்களுக்கு ஒரு வெளி காட்டுங்கோ" என்கிறார்கள். மற்ற வகை, என் வயதுக்காரர். "இந்தக் கோதாரியை அடியோட தடை செய்யச் சொல்லி நீயே ஒரு கடிதம் எழுது. பட்டவன் எழுதினால்தான் எடுபடும்" என்கிறார்கள். இரண்டு பேருக்கும் நேரில் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இந்த மடல்.

ஸ்னோ கைட் என்பதை என் அம்மா பனிப்பட்டம் என்றுதான் சொல்லுவா. காலில் பனிச்சறுக்குப் பலகை, இடுப்பில் அகலப் பட்டி. பட்டியில் கொளுவிய ஒரு தடி, தடியிலிருந்து 20, 25 மீற்றர் நீளத்தில் நான்கைந்து நூல்கள், நுனியில் பரசூட் மாதிரிக் காற்றை விழுங்கி விறைத்து நிற்கும் துணி. நம் பட்டத்தை நாம் பிடித்திருக்கிறோம், கை வலித்தால் விட்டுவிடலாம். அந்தப் பட்டம் ஆளின் இடுப்போடு கட்டியிருக்கிறது. அதைக் கழற்றிவிட ஒரு சிவப்புப் பிடி உண்டு, குயிக் ரிலீஸ் என்பார்கள். அதை இழுக்கத் தெரியாதவனுக்கும், தெரிந்தும் மனம் வராதவனுக்கும் இந்த விளையாட்டு இல்லை. மனம் வராதது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் இதைக் கண்டது 90களில், நோர்வேயின் வடக்குக் கோடியில், போட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில். நம் சனம் நிறையப் பேர் அங்கே மீன் தொழிற்சாலைகளில் நின்றது உங்களுக்குத் தெரியும். மாரியில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாது. பங்குனி சித்திரையில் வெளிச்சம் வந்ததும், ஊருக்கு மேலே மரமே இல்லாத மொட்டை மலைவெளியில் பட்டங்கள் தெரியும். பக்கத்தில் நின்று மீன் வெட்டுகிற நோர்வேக்காரனுக்குச் சனிக்கிழமையானால் முகமே மாறிவிடும். அவன்தான் முதலில் கூட்டிப்போனான். முறையாகப் படித்தது பின்னாலே, ஒஸ்லோவுக்கு மாறிய பிறகு. பேர்கன் ரயிலில் ஏறி ஹௌகாஸ்தோலில் இறங்கினால், ரயில் நிலையத்துக்கு முன்னாலேயே உறைந்த ஏரி. அதற்கு அங்கால் ஹர்டாங்கர்விட்டா, ஐரோப்பாவின் மிகப் பெரிய மலைப் பீடபூமி. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. எங்கே வேண்டுமானாலும் விரிக்கலாம்போல்தான் தெரியும்.

முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் பட்டத்தை வெளியே எடுக்கவே இல்லை. ஒரு கைப்பிடி பனித் தூளை மேலே எறிந்து அது பறக்கிற பக்கம் பார்த்தார். பிறகு எங்களை அந்தப் பக்கமாகவே நடக்கவைத்தார், காற்று முதுகில் அடிக்க அடிக்க, கையில் ஆளுக்கொரு நீண்ட கம்பு. பத்து நிமிட நடையில் நாங்கள் கண்டுபிடித்தவை: பனிக்குள் முக்கால்வாசி புதைந்த ஒரு வேலி, தலை மட்டும் தெரிகிற ஒரு பாறை, பனிமூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போன ஒரு மின்கம்பி வரிசை. ஏரியில் ஓடை வந்து விழுகிற மூலையில் கம்பால் குத்திக் காட்டினார். மற்ற இடத்தில் 'டக்' என்ற பனிக்கட்டி அங்கே 'சொத்' என்றது. தெளிந்த கட்டி 10 சென்ரிமீற்றர் தடித்தால் ஆள் நடக்கலாம். ஆனால் மின்சாரத்துக்காக நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் ஏரிகளில் கரையோரக் கட்டி உடைந்து தொங்கிக்கொண்டு நிற்கும், அதை நம்பக் கூடாது. 30 பாகைக்கு மேல் சரிந்த எந்தச் சரிவுக்குக் கீழேயும் நிற்கக் கூடாது, பனி சரிந்து மூடும். இவ்வளவும் சொல்லி முடித்துத்தான் பையைத் திறந்தார்.

"நீ நிற்கிற இடத்தை விடு. பட்டம் உன்னை எறிந்தால் நீ விழப் போகிற இடத்தைப் பார்" என்றார். நூல் நீளத்தைப் போலப் பத்து மடங்கு வெளி காற்றுப் போகும் பக்கம் சுத்தமாகக் கிடந்தால்தான் அவர் பட்டத்தை விரிக்க விடுவார். 25 மீற்றர் நூல் என்றால் 250 மீற்றர். நம் பழைய மைதானங்களில் இரண்டரை அடுக்கிவைத்த நீளம்.

இவ்வளவையும் கேட்டுத் தலையாட்டியவன்தான் உப்புவெளியில் அந்தப் பிழையை விட்டேன். எப்படி விட்டேன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன். இடம் தெரிகிற விஷயத்தில் நான் சொல்லக்கூடியதெல்லாம் அந்த ஒரு காலையிலேயே இருக்கிறது.

ஆடி மாதம், காலை பத்து மணி இருக்கும். கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வைகாசி தொடங்கி புரட்டாதி மட்டும், மேற்கே மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு, வெறும் சூட்டோடு வந்து எங்கள் உதட்டை வெடிக்கவைக்கிற காற்று. தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கடற்கரையில் போய் நின்றேன். கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது, அலையே இல்லை. காற்றும் முகத்தில் மெத்தென்றுதான் பட்டது. மனதுக்குள் ஒரு கணக்கு வேறு போட்டேன். மைனஸ் 20 பாகைக் குளிரில் காற்று நம்மூர்ச் சூட்டுக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கனம், அதனால் அங்கே இழுத்த பட்டம் இங்கே அந்தளவுக்கு இழுக்காது. கணக்கு சரி. 5 சதுர மீற்றர் பட்டம், பொடியனுக்குப் பதினேழு வயது, கால்பந்து விளையாடுகிற உடம்பு. போதாததற்கு, கடல்தானே, பாறையும் இல்லை வேலியும் இல்லை, விழுந்தாலும் தண்ணீர்தானே என்று ஒரு நினைப்பு.

அந்தக் கண்ணாடித் தண்ணீர்தான் என்னை ஏமாற்றியது. கடற்கரைக்குப் பின்னால் சவுக்கு மரங்களும் ஹோட்டல் மாடிகளும். காற்று அவற்றின் தலைக்கு மேலால் தாண்டி, கடலில் நல்ல தூரம் போய்த்தான் மறுபடி தண்ணீரைத் தொடுகிறது. ஒரு தடுப்புக்குப் பின்னால் அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்று குழம்பிச் சுழலும் என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. 12 மீற்றர்ச் சவுக்கு என்றால் 120 மீற்றர். உப்புவெளிக் கரை எந்த இடத்தில் 120 மீற்றர் அகலம்? கரை முழுவதுமே அந்தக் குழப்பத்துக்குள்தான் கிடக்கிறது. நம்பாதவர்கள் கச்சான் நாளில் கோணேசர் கோயிலுக்குப் போங்கள். கும்பிட்டுவிட்டு, சுவாமி மலை விளிம்பிலிருந்து வடக்கே பாருங்கள். கரையை ஒட்டி எண்ணெய் பூசினமாதிரி ஒரு பட்டை, அதற்கு அங்கால் தண்ணீர் கறுத்து நுரை நுரையாய். அந்த இரண்டும் சந்திக்கிற கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் உண்மையான காற்று இருக்கிறது. அறுபது வயதுவரை அந்த மலைக்கு ஏறி இறங்கியிருக்கிறேன், அந்தக் கோட்டைப் பார்த்ததே இந்த ஆடிக்குப் பிறகுதான்.

பட்டம் ஒரு தடவை எழும்பித் துவண்டது. மறு தடவை எழும்பி, மரத் தலைக்கு மேலே போனது, அங்கே உண்மையான காற்றைப் பிடித்தது. 'வுப்' என்று ஒரு சத்தம், நனைந்த சாறத்தை உதறுகிற மாதிரி. பொடியன் நாலு எட்டு ஓடினான். ஐந்தாவது எட்டுக்குத் தரை இருக்கவில்லை, தண்ணீர். பனியில் என்றால் பலகை வழுக்கிக்கொண்டு போகும், இழுவையில் பாதி வழுக்கலிலேயே கழிந்துவிடும். மணலில் கால் புதைகிறது, இழுவை முழுவதும் இடுப்பில். "சிவப்பை இழு, சிவப்பை இழு" என்று கத்துகிறேன். அவன் இழுக்கவில்லை. பிறகு கேட்டதற்குச் சொன்னான்: "மாமா, நோர்வேயிலயிருந்து கொண்டந்த சாமான், விட்டால் கடலோட போயிடுமெண்டு நினைச்சன்."

நல்ல காலம், சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றார்கள். தோணியோடு ஒருவர் போய்க் கத்தியால் நூலை அறுத்து ஆளை ஏற்றினார். பட்டம் போனது போனதுதான். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கச்சானுக்கு எஞ்சின் பழுதாப் போனால் நாங்களே நேர்த்தி வைக்கிற ஆக்கள். நீங்கள் பிள்ளையிலை துணியைக் கட்டி விடுறியளோ?" என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம். தங்கச்சி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை, அதுவும் நியாயம்தான்.

முப்பது வருடம் பனியில் நின்றவனுக்குத் தெரியாததை அந்த மனிதர் கரையில் நின்று ஒரே வசனத்தில் சொன்னார். அதனால் சபையாருக்கு என் முதல் வேண்டுகோள்: பட்டத்துக்கோ கைட்டுக்கோ கரையில் எந்த இடத்தையும் ஒதுக்க முதல், அந்த இடத்தில் கரைவலை இழுக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். படம் கீறி அறிக்கை கொடுக்கிற எங்களைப் போன்றவர்களைப் பிறகு கேட்கலாம்.

இரண்டாவதும் கரையைப் பற்றியதுதான். கச்சான் காலம் முழுவதும் டச்சு வளைகுடாவிலிருந்து நிலாவெளி தாண்டி வடக்கே எங்கேயும், ஆளை இழுக்கிற கைட்டுக்குக் கடற்கரையில் அனுமதி கொடுக்காதீர்கள். "கற்பிட்டியிலை அதே காற்றுக்குத்தானே உலகத்திலயிருந்து சனம் வருது, அங்க ஏலுமெண்டால் இங்க ஏன் ஏலாது?" என்று பொடியள் கேட்பார்கள், என்னிடமும் கேட்டார்கள். அதே காற்றுத்தான். ஆனால் கற்பிட்டி மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே அது கடலிலிருந்து தரைக்கு வருகிறது. பட்டம் கைவிட்டாலும் ஆளைக் கொண்டுவந்து மணலிலோ களப்பின் ஆழமில்லாத தண்ணீரிலோதான் போடும். இங்கே கைவிட்டால் அங்கால் வங்காள விரிகுடா.

இனி, தடை செய்யச் சொல்கிறவர்களுக்கு. தடை போட்டால் பொடியள் நிற்கமாட்டார்கள், மறைவான இடத்துக்குப் போவார்கள். அதற்கும் மேலே, இது இறக்குமதிச் சாமானால் வந்த ஆபத்து மட்டுமில்லை. 2021 மார்கழியில் பருத்தித்துறைப் பக்கம் பட்டக் கயிற்றைப் பிடித்திருந்த ஓர் இளைஞர் அப்படியே மேலே போன வீடியோவை எல்லோரும் பார்த்தோம். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள், அவர் விடவில்லை. உயிர் தப்பியது பெரிய விஷயம். அது நம் கையால் மூங்கில் வளைத்துக் கட்டிய பட்டம். காற்று இரட்டித்தால் இழுவை இரட்டிப்பதில்லை, நாலு மடங்காகிறது. மணிக்கு 18 கிலோமீற்றர்க் காற்றில் ஒரு பிள்ளை பிடிக்கிற பட்டத்தை 36 கிலோமீற்றரில் நாலு பேர் பிடிக்கவேண்டும். விண் (காற்றில் கூவுகிற நாடா) கட்டிக் கூவவிடுகிற பெரிய பட்டமோ, நோர்வேத் துணியோ, காற்றுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆகவே நல்ல வெளி ஒன்றைத் தெரிந்து குறித்துக் கொடுப்பது இரண்டுக்கும் சேர்ந்த வேலை.

எந்த வெளி என்று கேட்கிறீர்கள். கடந்த இரண்டு மாதமாய் மருமகனும் நானும் சைக்கிளில் சுற்றினோம். அவனுடைய தாய்க்குத் தெரியாமல் என்று சொல்லலாம், இனித் தெரியும்.

மெக்கெய்சர் விளையாட்டரங்கும் ஏகாம்பரம் மைதானமும் ஊருக்கு நடுவே கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் கடதாசிப் பட்டம் விட்டுப் பழகட்டும். அதற்கு மேல் வேண்டாம். சுற்றிலும் மதில், கட்டடம், கம்பம். காற்று கிணற்றுக்குள் சுழல்வதுபோல் சுழலும். சீனன்குடாப் பக்கத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அங்கே விமானத் தளம். வெளி நல்லாய்த்தான் கிடக்கிறது, ஆனால் ஆகாயம் உங்களுடையது இல்லை. அதே காரணத்துக்காகத் தம்பலகாமம் பக்கம் போனாலும் விமானம் தாழப் பறந்து இறங்குகிற நேர்கோட்டை விட்டு விலகித்தான் நிற்கவேண்டும். அதைத் தளத்தில் எழுத்தில் கேட்டு வாங்குவது சபையின் வேலை, பொடியளின் வேலையில்லை.

தம்பலகாமத்து வயல் எனக்குப் பிடித்திருக்கிறது. சிறுபோகம் வெட்டி முடிந்த ஆவணி புரட்டாதியில், கச்சான் இன்னும் ஓயாத நாட்களில், அந்த வெளியில் நின்றால் காற்று ஒரு சீராய் வரும். மரம் தூரத்தில், வீடு தூரத்தில். குறை இரண்டு. வரம்புக்கு வரம்பு கால் தடக்கும், ஆகவே சில்லு வைத்த பலகையில் ஓட முடியாது, நின்று பழகலாம். மற்றது மின்கம்பி. வயலுக்குக் குறுக்கே போகிற அந்தக் கம்பிகள் 33,000 வோல்ட். நூல் பிளாஸ்ரிக்தானே என்று நினைக்காதீர்கள். உப்புக் காற்றில் ஊறி ஈரமான நூல் மின்சாரத்தை நல்லாய்க் கடத்தும். இரவில் பட்டத்தில் பற்றரி, வயர், லைட் என்று கட்டித் தொங்கவிடுகிறவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்லவேண்டும். கம்பிக்குக் காற்று வரும் பக்கம் நிற்கவே கூடாது, எவ்வளவு தூரம் என்றாலும். கம்பிக்கு அங்கால் போய், கம்பி உங்கள் முதுகுக்குப் பின்னால் காற்று வரும் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். அப்போது பட்டம் அறுந்தாலும் கம்பியை விட்டு விலகித்தான் போகும். வயல்காரரிடமும் வயல் தண்ணீரைப் பார்க்கிற வட்டவிதானையிடமும் கேட்காமல் இறங்காதீர்கள். வைக்கோல் உலர்த்திக் கிடக்கும், மாடு கட்டியிருக்கும். பட்டத்தின் நிழல் விழுந்தால் எருமை கயிறு அறுக்கும், பட்டத்தைவிட அது உங்களை நல்லாய் இழுக்கும்.

நான் மனம் வைத்திருக்கிற இடம் இன்னொன்று. நிலாவெளிக்கு வடக்கே, புல்மோட்டை வீதிக்கு மேற்குப் பக்கம், உப்பளங்களை ஒட்டிக் கரைச்சி வெளிகள் உண்டல்லவா? மாரியில் தண்ணீர், வெயிலில் காய்ந்து வெள்ளையாய்த் தட்டையாய்க் கிடக்கும். முதல் தடவை அதன் ஓரத்தில் நின்றபோது எனக்கு ஹௌகாஸ்தோல் ஏரிதான் ஞாபகம் வந்தது, குளிர் மட்டும் இல்லை. மேடு பள்ளம் இல்லை, மரம் இல்லை. அந்த உறைந்த ஏரியின் புத்தியும் இதற்கு உண்டு. நடுவில் நல்லாய்க் காய்ந்திருக்கும். வாய்க்கால் வந்து விழுகிற பக்கத்தில் மேலே உப்புப் பொருக்கு, கீழே சேறு. மருமகன் ஆர்வத்தில் முன்னால் போனான், மூன்றாவது அடியில் முழங்கால் வரை இறங்கினான். செருப்பு ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. கம்பால் குத்திக் குத்திப் போனோம். அதே 'டக்', அதே 'சொத்'. அங்கே பனிக்கட்டியை எப்படிச் சோதித்தோமோ, அப்படித்தான்.

அந்த வெளியிலும் எங்கே நிற்கிறோம் என்பதில்தான் எல்லாம். கச்சான் மேற்கிலிருந்து வருகிறது, வீதியும் மின்கம்பங்களும் கிழக்கே. வீதியில் வாகனத்தை நிறுத்திவிட்டு அந்த ஓரத்திலேயே பட்டத்தை விரித்தால், விரித்த பட்டம் நேரே கம்பியில்தான். சோம்பல்படாமல் வெளியை ஊடறுத்து மேற்குக் கரைக்கு நடக்கவேண்டும். அங்கிருந்து வீதிவரை காலால் அளந்து பார்த்தேன். சில இடத்தில் 300, 400 மீற்றர் தேறுகிறது, சில இடத்தில் 150 கூட இல்லை. தேறுகிற இடத்துக்கு மட்டும் கொடி நட்டால் போதும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கரைச்சிகளுக்கு மாரி முடிகிற காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து மேயும். நோர்வேயில் இதே சிக்கல் துருவமான் மந்தைகளால் வரும். வடக்கே அவற்றை மேய்க்கிற இனத்தவருக்குப் பெயரே சாமி (நம் சாமி இல்லை, ஆனால் கோபம் வந்தால் ஏறத்தாழ அதேதான்). பசிக்கிற மாரிக் கடைசியில் பட்டத்தைக் கண்டு மந்தை வெருண்டு ஓடினால், அது வயிற்றில் வைத்திருந்த கொழுப்பெல்லாம் கரைந்துபோகும். அதனால் சில பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள், நாங்களும் போகமாட்டோம். இங்கேயும் பறவை இருக்கிற மாதங்களில் கரைச்சியை விட்டுவிடுவோம். எப்படியும் அப்போது தண்ணீர் நிற்கும், நமக்கு அங்கே வேலையில்லை.

மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். பனிக்குள் வேலி புதைந்திருந்தது போல, நம் வெளிகளில் புல்லுக்குள் முட்கம்பி, வெட்டிய வடலியின் அடிக்கட்டை, தோண்டி மூடாமல் விட்ட பூவல். இவை கண்ணுக்குப் பிடிபடும், கம்பும் பொறுமையும் இருந்தால். பிடிபடாத ஒன்று இருக்கிறது. யுத்தம் நடந்த மண் இது. துப்புரவு செய்தோம் என்று சொன்ன இடமென்றாலும் கிராம சேவகரிடம் கேட்டுவிட்டுக் கால் வையுங்கள். ஊர் ஆடு மாடு மேயாத வெளி எவ்வளவு வடிவாய்க் கிடந்தாலும் உள்ளே போகாதீர்கள். ஏன் மேய்க்கவில்லை என்று அந்த ஊர்க் கிழவர் ஒருவரைக் கேட்டால் தெரியும்.

வாடைக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஐப்பசியிலிருந்து மழை, கடல் கொந்தளிப்பு, வெளியெல்லாம் வெள்ளம். தைப்பொங்கலுக்குப் பட்டம் விடுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். அப்போது காற்று கடலிலிருந்து வருகிறது, நீங்கள் கரையில் நின்றாலும் பட்டம் நிற்பது நிலாவெளி வீதிக் கம்பிகளுக்கு மேலே. நூல் அறுந்தால் எங்கே விழும் என்று பார்த்துவிட்டு நூலை விடுங்கள்.

ஒரே நாளிலும் காற்று மாறும். கச்சான் நாட்களில் சில வேளை மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் தளர்ந்து, ஒரு கொஞ்ச நேரம் இலைகூட அசையாது. பிறகு கடற்காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறும். காலையில் பார்த்து வைத்த 300 மீற்றர் வெளி பின்னேரம் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அந்த அசையாத நேரம் வந்ததும் பட்டத்தைச் சுருட்டுங்கள். நோர்வேக்காரர் காற்றுப் பார்க்கிற 'யர்' செயலியில் திருகோணமலை என்று அடித்தாலும் மணிக்கு மணி காட்டும், பாருங்கள். ஆனால் அது சவுக்கு மரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

சபையாரே, நான் கேட்பதற்குப் பெரிய செலவில்லை. கரைச்சி வெளியில் ஒன்று, தம்பலகாமத்தில் ஒன்று, இரண்டே இரண்டு இடம். ஒவ்வொன்றிலும் ஆறு மீற்றர்க் கம்பத்தில் ஒரு துணிக்கொடி. கொடி எந்தப் பக்கம் பறந்தால் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று கீறிய ஒரு பலகை, மூன்று மொழியிலும். நூலறுக்கும் கத்தி ஒன்று அந்தப் பலகையிலேயே கொளுவியிருக்கட்டும். யாராவது களவெடுத்துப் போவார்கள் என்பீர்கள். போகட்டும், இன்னொன்று கொளுவுவோம். உப்புவெளி, நிலாவெளிக் கரையில் ஆளை இழுக்கிற கைட்டுக்கு வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை அனுமதி இல்லை என்று எழுதிப் போடுங்கள். ஹோட்டல்காரர் வந்து கேட்டாலும் இல்லைதான். கேட்பார்கள், எனக்குத் தெரியும்.

தம்பிமாரே, கற்பிட்டிக்குக் காசு அனுப்ப முதல் கொஞ்சம் பொறுங்கள். வாங்குகிற சாமானில் அந்தச் சிவப்புப் பிடி வேலை செய்கிறதா என்று பத்துத் தடவை இழுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பட்டம் யாருடையது, எவ்வளவு விலை என்பதைப் பழகுகிற பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம். என் மருமகன் பட்ட பாடு அதனால்தான்.

வருகிற சனிக்கிழமை விடிய ஆறு மணிக்குச் சாம்பல்தீவுப் பாலத்தடியில் நிற்பேன். அங்கிருந்து கரைச்சி வெளிக்குப் போவோம். சபையிலிருந்து ஒருவராவது வந்தால் நல்லது. கரைவலைச் சம்மாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், பகிடி பண்ணத்தான் வருகிறார் என்று நினைக்கிறேன். பட்டம் ஒருவரும் கொண்டுவர வேண்டாம். ஆளுக்கொரு நீண்ட கம்பும் தண்ணீர்ப் போத்தலும் போதும். செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அலஸ்தோட்டத்து மாமா